அடைபட்ட பள்ளியும் அபய தானமும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது நம் ஆன்றோர் வகுத்த நெறி. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஏழைக் குழந்தைக்குச் சத்துணவு, மருத்துவப் பரிசோதனை, பாடம், கூலி வேலையினின்று காப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே அளிக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்ததும் இவ்வறமே.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் அடைபட்டபோது நான்கும் ஒருசேர நின்றன. பின்னர்ச் சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, தன்னார்வலர் வழியே மாலை வகுப்புகளை நடத்தியது. அபயத்தை யார் அளிப்பது? திருப்பூரில் படிப்பை இழந்த சிறுவனைப் பனியன் கம்பெனியின் கைமடி வேலை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். அதனை உள்ளாட்சி மன்றம் மட்டும் தடுத்துவிட இயலாது.

“எவ்வுயிரையும் நான் வருத்தியதில்லை” என முதலாளி கூறலாம். ஆயின் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றினாலும் வினை பற்றும் என்பது ஜினதருமம். விலை மலிவை மட்டும் நோக்கி ஆடை வாங்குவோரும் உடன்பட்டவரே.

பள்ளிக்குத் திரும்பாத குழந்தையைத் தேடிச் சென்று சேர்ப்பித்தல் சிராவகர்க்குரிய அபய தானமாகும். நம் சங்கங்கள் கல்வி உதவியுடன் இதனையும் மேற்கொள்ளுதல் நலம்.