ஊர்காவற்றுறைக்கு ஓடி வந்த அரசன்

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் மிதவையை எங்கள் ஆட்கள் ‘பாதை’ என்றுதான் சொல்வார்கள். சைக்கிளைத் தள்ளி ஏற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. இடையில், தண்ணீரின் நடுவே, பறங்கியர் தொடங்கி ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கடற்கோட்டை தெரியும். போன மார்கழியில் பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் அதைக் கைகாட்டினார். “காக்கை வன்னியன் காட்டிக் குடுக்காமல் விட்டிருந்தால் இதெல்லாம் இஞ்ச எழும்பியிருக்குமே, தம்பி?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்படித் தலையாட்டியது இன்னும் மனதை உறுத்துகிறது.

யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியைக் காக்கை வன்னியன் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்த கதை யாழ்ப்பாண வைபவமாலையில் வருவது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூலில் சங்கிலி ஒருவன்தான். வரலாற்றில் இருவர். முதலாமவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன். இரண்டாமவன் சங்கிலி குமாரன், 1617 முதல் 1619 வரை. நூற்றாண்டு இடைவெளியில் அரியணைக்கு வந்த இருவரும் நம் நினைவில் ஒரே ஆளாகிவிட்டார்கள். அந்த ஒருவன் வீரன், அவனை வீழ்த்தியவன் துரோகி என்ற அளவில் கதை நின்றுவிட்டது. இருவரும் சொந்த இரத்தத்தின் மேல் ஏறித்தான் அரியணைக்கு வந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

சங்கிலியின் சகோதரரில் மூத்தவன் சிங்கபாகு நஞ்சில் மாண்டான், அடுத்தவன் பண்டாரம் வெட்டுண்டான் என்கிறது வைபவமாலை. இன்னொரு சகோதரன் பரநிருபசிங்கன் வைத்தியம் தெரிந்தவன். கண்டியில் நோய் தீர்க்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது முடி சங்கிலியின் தலையில் இருந்தது. ஊரார் நோயைத் தீர்த்துவிட்டுச் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்ற அந்த மனிதனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் இரண்டு பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினார்கள். ஒருவர் செகராசசேகரன் என்றால் அடுத்தவர் பரராசசேகரன். பட்டியலைப் படித்தால் தகப்பனுக்குப் பின் மகன் என்று நூல் பிடித்தாற்போல் வந்த வம்சமாகத் தோன்றும். நல்லூர் அரண்மனைக்குள் நடந்தது அதுவல்ல.

1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தான். அவனே 1591இல் பறங்கியர் நல்லூரைத் தாக்கி அரசனைக் கொன்றுவிட்டு அமர்த்திய அரசன். அவனுடைய மகன் சிறு பிள்ளை. பிள்ளை வளரும்வரை அரசைப் பார்த்துக்கொள்ள மன்னனின் தம்பி அரசகேசரி இருந்தார். காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரி அரச குடும்பத்தவர் என்பது யாழ்ப்பாண மரபு; இவரே அந்தப் புலவர் என்று சொல்வோரும் உண்டு. சங்கிலி குமாரன் அரசகேசரியைக் கொன்றான். அரச இரத்தமுள்ள மற்ற ஆண்களையும் கொன்றான். ஒரு குலம் தலைமுறை தலைமுறையாகத் தழைத்த கதை தமிழில் வாசிக்கப்பட்ட ஊரிலேயே இது நடந்தது.

மொகலாய அரச குடும்பத்திலும் இதே காலத்தில் இதுதான் நடந்தது. 1628இல் ஷாஜகான் முடிசூடுமுன் தம்பியும் அண்ணன் மக்களும் கொல்லப்பட்டார்கள். 1659இல் ஔரங்கசீப் அண்ணன் தாராவைக் கொன்றான். ஆனால் அங்கே வென்றவன் கையில் பேரரசு மிஞ்சியது. அதைப் பறிக்க வாசலில் அந்நியன் காத்திருக்கவில்லை. இங்கே 1560 முதல் மன்னாரில் பறங்கிக் கோட்டை இருந்தது. சிறிய அரசு, நெருங்கி நின்ற பகைவன். ஒவ்வொரு இளவரசன் விழுந்தபோதும் அவனைச் சார்ந்து நின்ற முதலிகளும் படையாட்களும் கழன்று போனார்கள்.

சங்கிலி குமாரன் அரியணை ஏறிய அடுத்த வருடமே, 1618இல், கிறிஸ்தவ முதலிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவன் நல்லூரை விட்டு ஓடி வந்து நின்ற இடம் இதே ஊர்காவற்றுறை. தஞ்சை நாயக்கரின் படை உதவியால் திரும்பிப் போய் அமர்ந்தான். 1619இல் பறங்கிப் படைத்தலைவன் பிலிப் டி ஒலிவேரா வந்தபோது அது போதவில்லை. குடும்பத்தோடு கடலில் தப்ப முயன்றவனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். எஞ்சிய அரச குடும்பத்தாரில் பலர் துறவற மடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். துறவிக்குப் பிள்ளை இல்லை. முடிக்கு உரிமை கேட்க ஆள் இல்லை.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போனால் இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. மணி இழைத்த ஆசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர், மகாவம்சம் சொல்வதுபோல் மாமனும் மருமகனும், படை திரட்டிப் பொருத வந்தார்கள். புத்தர் இடையில் வந்து போரை நிறுத்தினார். மணிமேகலையிலும் அந்த ஆசனம் உண்டு. அதில் இரண்டு அரசர்களுமே அமரவில்லை. அது வணங்கும் பீடிகையாயிற்று. பௌத்தரும் இந்துக்களும் இன்றைக்கும் அந்தத் தீவுக்குப் படகேறுகிறார்கள்.

பாதை கரையில் தட்டியதும் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டிய பெயர் அரசகேசரி. காக்கை வன்னியனைத் தெரிந்த அளவுக்கு அந்தப் பெயரையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை கண்டால் நானே பேச்சை எடுப்பேன்.