யாருக்குச் சொந்தம் அந்தப் புகை?

"என் வண்டி; என் விருப்பம்!" நான்கே சொற்கள். பழைய கார்களைத் தேடிப்பிடித்து, துருவை நீக்கி, வண்ணம் பூசி, ஓடவிட்டு மகிழும் அன்பர்களிற் சிலர், இந்த நான்கு சொற்களைக் கொண்டே ஓர் அறநெறியைக் கட்டி முடித்துவிட்டதாக எண்ணுகின்றனர். பழங்கார் மீது பற்றுக் கொள்வதை நாம் பழிக்கவில்லை. பாட்டன் கால எந்திரம் பேரன் கையில் மீண்டும் உயிர்பெறுவதைக் கண்டு எவர்தான் மகிழமாட்டார்! நாம் கேட்பது வேறு. போனட்டைத் திறந்ததும் எல்லாம் பளிச்செனத் தெரியவேண்டும் என்பதற்காக, புகையைத் தூய்மையாக்கும் குழாய்களையும் கலங்களையும் கழற்றி எறிகிறார்களே, அந்த உரிமையை இவர்களுக்கு வழங்கியது யார்?

கழற்றப்படுபவை எவை என்பதை முதலில் அறிவோம். அறியாமல் அறம் பேசுவது பகுத்தறிவாளர் வழக்கமன்று. பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து எண்ணெய்த் தொட்டியின் பக்கம் இறங்கும் வாயுவை, முன்னாளில் ஒரு குழாய்வழியே தெருவுக்கே திறந்துவிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்தில் கார்களுக்கு இருந்த பங்கை ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே, 1960-களில், அந்த வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி எரித்துவிடும் சிறு வால்வு கலிபோர்னியக் கார்களில் இடம்பெற்றது. பெட்ரோல் தொட்டியின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா மற்றொன்று. யாவற்றினும் முதன்மையானது கேடலிடிக் கன்வெர்ட்டர்: பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய, தேனடை போன்ற கலம். இன்றைய மூவழிக் கலம் சூடேறி நன்னிலையில் இயங்கினால், கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்கை நீக்கவல்லது.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கலம் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் கலத்தைப் பாழாக்கும். எனவே ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது. கலத்தைக் காக்க வந்த ஏற்பாடு, நம் குழந்தைகளின் மூளையையும் காத்தது! 

இந்த ஆண்டுக் கணக்கு நமக்குத் தேவை. 1960-களின் அம்பாசிடரிடம் போய், "உன் கன்வெர்ட்டர் எங்கே?" என்று கேட்பது பேதைமை. பிறக்கும்போதே இல்லாத ஒன்றை அது இழக்கவில்லை. ஐம்பதாண்டு கடந்த, உருமாறாத வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறையும் வகுக்கப்பட்டது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் வரலாம், அன்றாடம் சாலையில் ஓடலாகாது என்பது ஏற்பாடு. நாம் குறிப்பது 1990-களின் இறுதியில் கன்வெர்ட்டரோடு பிறந்து, இன்று 'பழங்கார்' என்று பட்டம் சூட்டிக்கொண்ட வண்டிகளை. முகப்பு விளக்கின் திருகாணிகூட அசலாக இருக்கவேண்டுமாம். கன்வெர்ட்டர் மட்டும் அசலாக இருக்கக்கூடாதாம்! இது எந்த ஊர்ப் பழமைப் பற்று?

"கழற்றினால் இழுவை கூடும்" என்பர். அடைத்துக்கொண்ட கலம் வண்டியைத் திணறடிக்கும் என்பது மெய்யே. அது ஏன் அடைத்தது என்று கேட்டனரா? எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. அல்லது பிளக் சரியாகப் பொறிவிடவில்லை. அந்த நோயை விட்டுவிட்டு, நோயைக் காட்டிக்கொடுத்த உறுப்பை அறுத்தெறிகின்றனர். வால்வைக் கழற்றினாலோ, ஈரமும் அமிலமும் எண்ணெயில் தங்கிச் சேறாகி எஞ்சினையே தின்னும். அளந்து பார்க்காமல் நம்பும் இந்த நம்பிக்கைக்கும், பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டும் நம்பிக்கைக்கும் என்ன வேறுபாடு? எலுமிச்சம்பழமாவது எவர் நுரையீரலையும் கெடுப்பதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மாசு வரம்பை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என 2019-இல் திருத்தமும் வந்தது. ஆனால் புகைச் சான்றுக்காகப் பெட்ரோல் வண்டியை நிறுத்திவைத்து அளப்பது கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஆவியையும்தான். நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கணக்கில் வருவதில்லை. கார்புரேட்டரைத் திருகிச் சான்று பெறுவதும் அரிதன்று. சான்று கையில் இருக்கிறது. சாலையில் வேறு நடக்கிறது. இந்த இடைவெளியில்தான் அறம் என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. எவரும் காணாதபோதும் எவர்க்கும் தீங்கு செய்யாதிருக்க, நமக்குக் காவலர் வேண்டுமா?

"ஆயிரமாயிரம் லாரிகள் ஓடுகின்றனவே, என் ஒரு வண்டியா ஊரைக் கெடுக்கும்?" இதுதான் வலுவான வாதம். இதை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மாதம் ஒருமுறை ஓடும் காரின் புகை, தொப்பூர்க் கணவாயில் சேலத்திலிருந்து தருமபுரிக்கு மேடேறும் லாரிகளின் புகைமுன் துளிதான். ஆனால் தோழர்களே, லாரி ஓட்டுபவன் வயிற்றுக்காக ஓட்டுகிறான். வட்டியும் சுங்கமும் டீசல் விலையும் அவன் கழுத்தை நெரிக்கின்றன. அவன் செய்யும் தவறும் தவறே என்றாலும், அவனிடம் நாம் காட்டும் இரக்கத்துக்குக் காரணம் உண்டு. பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர், அந்த ஏழையின் நெருக்கடியை எடுத்துத் தம் பகட்டுக்குப் போர்வையாக்குவது எவ்வகையில் தகும்? துளி என்பது அளவைப் பற்றிய பேச்சு. "மற்றவர்க்கெல்லாம் விதி, எனக்கு மட்டும் விலக்கு" என்பது அளவில் அடங்காது. பிறப்பின் பேரால் விலக்குக் கேட்டவர்களை எதிர்த்த நாம், பொழுதுபோக்கின் பேரால் கேட்பவர்களிடம் மட்டும் இளகுவதா?

வண்டி அவருடையது, ஐயமில்லை. புகை சைலன்சரை விட்டு வெளியே வந்த கணமே யாருடையது? நிறுத்தத்தில் காத்திருக்கும் மாணவியுடையது. ஓரத்தில் கடலை விற்கும் மூதாட்டியுடையது. அவர்கள் கேட்காமலே அது அவர்களுக்கு வழங்கப்படுகிறது. தகடூர் என்பது இந்தத் தருமபுரியின் பழம்பெயர். வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்று அதியமானைப் பாடுகிறது நம் இலக்கியம். அவன் பெயரால் கோட்டமும் கண்டுள்ளோம். அந்த மண்ணின் வழியே செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், பிறர் மூச்சிலிருந்து எடுத்துத் தம் எஞ்சினுக்கு அழகு சேர்ப்பவரை எவ்வாறு பாராட்டுவது?

பழங்கார் வைத்திருக்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்வோம். இருக்கைக்குத் தோலும் உடலுக்கு மூன்று பூச்சு வண்ணமும் வாங்குகிறீர். அந்தச் செலவுப் பட்டியலில் கன்வெர்ட்டரையும் எழுதிக்கொள்க. ரப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தால் புதியன மாட்டுக. அவை ஒழுங்காகச் செல்லும்படி கட்டுவதும் அழகுதான். கார்புரேட்டரை அளவியின் முன் வைத்துச் சீர்செய்க. "கழற்றிவிடலாம், ஒன்றும் ஆகாது" என்று பட்டறையில் சொன்னால், கழற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுக.