இரண்டு பேர் பசிக்கு ஒருத்தி கணக்கு

உம்மாவின் அலமாரியில், புடவைகளுக்கு அடியில், ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. அதில் எழுத்து கிடையாது, கோடுகள்தான். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. ஒவ்வொரு கோடும் விட்டுப்போன ஒரு நோன்பு. சர்க்கரை நோய் முற்றி, இனி நோன்பே வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று, நோட்டை என்னிடம் தந்து எண்ணச் சொன்னார். மொத்தம் 112. அதில் 53 மாதவிலக்கு நாட்கள். 59, என்னையும் தம்பியையும் சுமந்தும் பாலூட்டியும் கழிந்த இரண்டு ரமலான்கள்.

நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம், தாங்க முடியாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்கிறது குர்ஆன் (2:184). இந்த ஈட்டுணவுதான் ஃபித்யா. இது தண்டனை இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் உம்மா அதைக் குற்றமாகவே சுமந்தார். களா நோன்பை அடுத்த ரமலானுக்குள் முடிக்காவிட்டால், தகுந்த காரணம் இல்லாத தாமதத்துக்கும் ஃபித்யா உண்டு என்பது எங்கள் ஷாஃபி வழக்கம். ஹனஃபிகளுக்கு அது இல்லை.

தகுந்த காரணம் எது? நோய், பயணம், பாலூட்டல் எல்லாம் பட்டியலில் உண்டு. பதினோரு பேருக்குச் சமைப்பது இல்லை. ரமலானில் தெருவே சஹருக்கு எழும். களா நோன்புக்கு உம்மா தனியாக எழுந்து, தனியாகச் சாப்பிட்டு, பகலெல்லாம் அடுப்படியில் நின்றார். உப்புப் பார்க்கத் தயங்குவார், குழம்பில் உப்புக் குறைந்தால் பேச்சு வாங்குவார். அவகாசம் இருக்கும்போது களா வைக்கவும் கணவனின் அனுமதி வேண்டும் என்ற சட்டநூல் கருத்தும் உண்டு. அனுமதி தராதவருக்கு அதனால் ஃபித்யா விழுமா என்று எவரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

தமக்கிருந்த களாவை ஷஅபான் மாதத்தில்தான் வைக்க முடிந்தது என்று ஆயிஷா நாயகி சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நபியவர்களுக்கான பணிகளே அதற்குக் காரணம் என்ற விளக்கம் அங்கே யஹ்யா என்ற அறிவிப்பாளரின் சொல்லாக வருகிறது. முடியவில்லை என்றது அவர். ஏன் என்றது இன்னொருவர்.

என்னை அதிகம் உறுத்துவது அந்த 59. தன் உடலுக்கு அஞ்சி நோன்பை விட்ட தாய்க்குக் களா மட்டும். பிள்ளைக்காக அஞ்சி விட்டால் களாவோடு ஃபித்யாவும். விட்ட நோன்பால் இருவர் பயனடைந்தார்கள், ஆகவே இரண்டு கடன் என்று நூல்கள் காரணம் சொல்கின்றன. அழகான காரணம்தான். ஆனால் இரண்டும் ஒருத்தி பெயரிலேயே எழுதப்படுகின்றன. பிள்ளையின் வாப்பா அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. இதே ஷாஃபி சட்டம்தான் ரமலான் பகலில் கணவனும் மனைவியும் கூடினால் கஃப்பாராவைக் கணவன் மீது மட்டும் வைக்கிறது: அடிமையை விடுதலை செய், முடியாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு வை, அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவளி. இருவர் செயலின் சுமையை ஆணிடம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளை விஷயத்தில் அது ஏன் தோன்றவில்லை?

தம்பி சுலபமாக முடித்துவிடப் பார்த்தான். "எத்தனை மூட்டை அரிசின்னு சொல்லுங்கம்மா, மதரசாவுக்கு அனுப்பிடுறேன். கடன் தீர்ந்துச்சு."

"அதுல பாதி உனக்காக விட்டதுடா," என்றார் உம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவன் தலைகுனிந்தான்.

ஒரு நாள் நோன்புக்கு ஒரு முத்து தானியம். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. மூட்டைக் கணக்கு வேண்டாம் என்று உம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். முதல் 53ஐ அவரே அள்ளினார், நான் கோடுகளை அடித்துக்கொண்டே வந்தேன். அதற்குள் கை நடுங்கத் தொடங்கியது. தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். "என்னோடது எங்க ஆரம்பிக்குது?" என்று என்னிடம் கேட்டான்.

தாமதத்துக்கான கணக்கை நாங்கள் இன்னும் தொடவில்லை. பதினோரு பேர் சமையல் தகுந்த காரணமா என்று ஆலிமிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறார் உம்மா. கேட்டேன். கிதாபைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.