இரத்தத்தின் சத்தம் கேட்கிறதா?

ஆதியாகமம் 4:10-ஐ வாசித்துப் பாருங்கள். ஆபேல் செத்தும் அவன் இரத்தம் ஓயவில்லை; தேவன் அதைக் கேட்டார்.

1994 ஏப்ரல் 7 தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களில் ருவாண்டா தேசத்தில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துத்சி இனத்தார். அது தேவனை அறியாத தேசமா? இல்லைங்க, ஜனங்களில் அதிகம்பேர் கிறிஸ்தவர்கள்! நியாமாட்டாவிலும் ந்தராமாவிலும் அடைக்கலம் தேடி ஆலயத்துக்குள் ஓடினவர்களை ஆலயத்திலேயே கொன்றார்கள். ஒரு போதகரையே சர்வதேச நீதிமன்றம் 2003-ல் குற்றவாளி என்று தீர்த்தது. ஊழியக்காரனாகிய நான் இதை நினைக்கும்போதெல்லாம் நடுங்குகிறேன்.

பிரியமானவர்களே, இது கத்தியில் ஆரம்பிக்கவில்லை, நாவில் ஆரம்பித்தது! ரேடியோவிலே அயலானைக் 'கரப்பான் பூச்சி' என்றார்கள். மனுஷனைப் பூச்சி என்று சொல்லிப் பழகின பிறகு நசுக்கக் கை கூசுமா? யாக்கோபு 3-ம் அதிகாரம் நாவை நெருப்பு என்பது இதற்காகத்தான்.

அந்த இரண்டு ஆலயங்களும் இன்று நினைவிடங்கள். மாண்டவர்களின் உடைகளே அங்கே சாட்சி. வருஷந்தோறும் ஏப்ரல் 7-ல் தேசமே நினைவுகூருகிறது.

உயிர் தப்பினவர்களை எப்படித் தேற்றுவது? "மன்னிச்சிடுங்க, மறந்திடுங்க" என்று அவசரப்படுத்தாதிருங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த நன்மை. வாயைத் திறந்த பின்புதான் புண்ணாக்கினார்கள். முதலில் கூட அழுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில், உங்கள் சபையில் ஒரு ஜனத்தை இழிவாய்ப் பேசும் வார்த்தை எழும்புகிறதா? சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கே தடுங்கள்! கர்த்தர் நம் நாவைப் பரிசுத்தப்படுத்துவாராக. ஆமென்.