மனைவி சுற்றுலாப் பயணியா?

வெளிநாடு செல்ல விரும்புவோர் நிரப்பித் தரவேண்டிய விசாப் படிவத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. 'நீர் மணமானவரா?' என்பது ஒன்று. 'பயணத்தின் நோக்கம் என்ன?' என்பது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எளியவை. ஆனால் கணவன் ஒரு நாட்டின் குடிமகனாகவும், மனைவி வேறொரு நாட்டின் குடிமகளாகவும் இருந்து, அவள் கணவனுடைய நாட்டுக்குச் சுற்றுலா விசா கேட்கும்போது, முதல் கேள்விக்கு அவள் எழுதும் உண்மையான விடையே இரண்டாம் விடையை ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. கணவர் அங்கே இருக்கிறார் என்றால், நீ ஏன் திரும்பி வரப்போகிறாய்? இதுவே மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரின் மனத்தில் எழும் வினா.

இந்த ஐயம் தனி மனிதரின் கடுமையால் மட்டும் பிறப்பதன்று. சட்டமே அதைக் கேட்கிறது. பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான 2009ஆம் ஆண்டின் விசா விதிகளின்படி, 180 நாட்களில் 90 நாட்களே விருந்தினராகத் தங்கலாம். உரிய நாளில் திரும்புவார் என்பதில் நியாயமான ஐயம் இருந்தால் விசாவை மறுக்கலாம். அமெரிக்கச் சட்டமோ, பார்வையாளராக வர விரும்புபவரை, அவர் மாறாக மெய்ப்பிக்கும் வரை, குடியேற வருபவராகவே கருதிக்கொள்கிறது. ஆக, உலகம் முழுவதும் அன்பின் அடையாளம் என்று போற்றும் ஓர் உறவு, அந்த மேசையில் மட்டும் எதிர்ச்சாட்சியாக மாறிப்போகிறது.

இது எங்கோ தொலைவிலுள்ள செல்வர் வீட்டுச் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். புதுச்சேரி மண்ணில் இது ஓலைக் கூரைகளுக்கும் தெரிந்த செய்தி. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் முழுச் சட்ட வலிமை பெற்றது. அன்று முதல் ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அறிவிக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீனத்து அலுவலகங்களிலும் பணிபுரிந்தவர்களில், நாம் 'சொல்தா' என்று அழைத்த ஓய்வூதியக்காரர்களில், பலர் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கொடுக்கவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன் என்று ஆனதுண்டு. ஒரு தாளில் இட்ட கையொப்பம், அல்லது இடாத கையொப்பம், பேரப்பிள்ளைகளின் திருமணம் வரை பின்தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த காட்டேரிக்குப்பத்துப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புதுச்சேரி ஒரே துண்டு நிலமன்று. இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள் புகுந்து வரும். இந்த வரப்பு ஒரு மாநிலம், அடுத்த வரப்பு வேறு மாநிலம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இந்த எல்லைகளை ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படித்தான் காட்டேரிக்குப்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் இளைஞனுக்கும், பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்ப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. ஒரே மொழி, ஒரே மறை, ஏறத்தாழ ஒரே குழம்பு. ஆனால் அவன் பாட்டனார் 1962இல் எழுதிக் கொடுத்தவர். ஆகவே அவன் பிரெஞ்சுக் குடிமகன், பாரீசு நகருக்கு வெளியே வேலை. அவள் இந்தியக் குடிமகள்.

பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் மணம் முடிப்பதானால் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிட்டு, மணம் செய்வதற்குத் தகுதிச் சான்று பெற்று, மணம் முடிந்த பின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். 2006 நவம்பரில் வந்த சட்டம் இந்தச் சோதனையை இன்னும் இறுக்கியது. தேவையானால் மணமக்களை விசாரிக்கவும் இடமுண்டு. பதிவேட்டில் ஏறிவிட்டால், வாழ்க்கைத் துணைக்கான நீண்டகால விசாவை மோசடி, மணம் செல்லாது என்ற தீர்ப்பு, பொது ஒழுங்குக்கு ஆபத்து ஆகிய காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். வாழப்போகிறேன் என்பவளுக்கு இருக்கும் இந்த உறுதி, பார்த்துவிட்டு வருகிறேன் என்பவளுக்கு இல்லை. விந்தையான கணக்குத்தான்.

பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, அங்கிருந்த மாமியார் நோயில் விழுந்தார். மருமகளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். அவசரத்துக்குச் சுற்றுலா விசா ஒன்றே வழி என்று தோன்றியது. நகரத்திலிருந்த ஒரு ஏஜெண்டு எளிய யோசனை சொன்னார்: "மணமாகாதவள் என்று எழுதிவிடு. அங்கிருக்கும் ஒன்றுவிட்ட அக்காள் அழைத்ததாகக் கடிதம் வாங்கிக்கொள்வோம். கணவன் இருப்பதாகச் சொன்னால்தான் தொல்லை." பெண்ணும் அவள் தந்தையும் என்னிடம் வந்தார்கள். "சாமி, இதிலே யாருக்கு என்ன நட்டம்? திருடப் போகிறோமா? அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வரத்தானே?" என்று தந்தை கேட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "கலியாணம் ஆகலைன்னு என் கையாலே எழுதணுமா சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஆபிரகாமை எண்ணாமல் இருக்க முடியாது. பஞ்சத்துக்குத் தப்பி எகிப்து நாட்டின் எல்லையை நெருங்கியபோது, மனைவியைத் தங்கை என்று சொல்லச் சொன்னவர் அவர். புனித அகுஸ்தினார் பொய்யைக் குறித்து எழுதிய நூல்களில் இரண்டாவதில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, சாரா உண்மையிலேயே ஒரே தந்தையின் மகளாதலால், ஆபிரகாம் உண்மையின் ஒரு பகுதியை மறைத்தாரேயன்றிப் பொய் சொல்லவில்லை என்று வாதிடுகிறார். அந்த மாமேதையின் முன் நாம் எம்மாத்திரம்! ஆயினும், தொடக்க நூலைத் திறந்து படித்தால் கதை அவ்வளவு எளிதாக அவர் பக்கம் சாய்வதில்லை. மறைத்தவர் ஆபிரகாம், அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டவள் சாரா. இவள் உன் மனைவி என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நியாயம் கேட்டவன் வேற்றினத்து மன்னன். மேலும், ஆபிரகாமுக்கு உயிரச்சம் இருந்தது. விசா அதிகாரியின் கையில் வாள் இல்லை, முத்திரைதான் இருக்கிறது.

கேட்கப்படாத செய்தியைச் சொல்லாமல் விடுவது வேறு. கேட்ட கேள்விக்கு மாறாக எழுதிக் கையொப்பமிடுவது வேறு. முன்னதற்கு நெறியியலில் இடமுண்டு. பின்னதற்கு இல்லை என்பதோடு, இங்கே இன்னொரு கேடும் இருக்கிறது. பீடத்தின் முன் அனைவரும் கேட்கச் சொன்ன ஒரு சொல்லை அவள் ஒரு படிவத்தில் மறுதலிக்க நேர்கிறது. நாளை மனைவி என்ற உரிமையோடு விண்ணப்பிக்கும்போது, இன்று எழுதிய அதே தாள் எழுந்து நின்று, இந்தத் திருமணம் மெய்யானது அன்று என்று சாட்சி சொல்லும். மெய்யான மணத்தைப் பொய்யாக்கும் வேலையை அவளே செய்துகொண்டவள் ஆவாள். எழுதவேண்டாம் என்றேன்.

அவள் உண்மையையே எழுதினாள். காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. யார் மீதும் குறை சொல்ல இடமில்லை, அவற்றுக்கு உரிய காலத்தை அவை எடுத்துக்கொண்டன. அவள் விமானம் ஏறுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் மாமியார் இறந்துபோனார். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அறிவுரை சொன்னவன் நான். விலை கொடுத்தவள் அவள். நெறி நூல்களைக் கற்பிப்போரும் கற்போரும் இந்தக் கணக்கை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அரசு ஐயப்படுவதே தவறு என்று சொல்ல நான் துணியமாட்டேன். போலித் திருமணங்கள் உண்டு. ஏமாற்றப்பட்டுக் கைவிடப்பட்ட பெண்களும் உண்டு. நம்மைப் பற்றியே பேசுவோமே: பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள மாப்பிள்ளை, பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள பெண் என்றதும் நம் வீடுகளில் பேச்சு எப்படி மாறுகிறது? வயது வேறுபாடு மறைகிறது, குணம் விசாரிப்பது மறைகிறது, சீர்வரிசைத் தொகை மட்டும் ஏறுகிறது. பாஸ்போர்ட்டை நாமே விலைப்பொருளாகச் சந்தையில் வைத்துவிட்டு, வாங்கியவனை அதிகாரி ஐயப்படுகிறான் என்று கோபிப்பது முறையாகாது.

அது மட்டுமா, ஐயத்தோடு கேள்வி கேட்கும் நாற்காலியில் பங்குக் குருவும் அமர்கிறார். திருமணத்துக்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து, யாரேனும் கட்டாயப்படுத்தினார்களா, மறைத்த செய்தி ஏதும் உண்டா என்று கேட்கிறோம். ஞாயிறுதோறும் ஓலை வாசிக்கிறோம். வெளியே சம்மதம் சொல்லி உள்ளத்தில் திருமணத்தையே விலக்கி வைப்பவரின் மணம் செல்லாது என்பதும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதே 1101ஆம் எண்ணின் முதல் பகுதி என்ன கூறுகிறது? திருமணத்தின்போது சொன்ன சொல்லோடும் காட்டிய அடையாளத்தோடும் உள்ளத்தின் சம்மதம் ஒத்திருப்பதாகவே கொள்ளவேண்டும் என்கிறது. 1060ஆம் எண்ணோ, ஐயம் எழுந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, திருமணம் செல்லும் என்றே கொள்ளச் சொல்கிறது. கேள்வி கேட்பதில் இரு மேசைகளுக்கும் வேறுபாடு இல்லை. மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் என்பதில்தான் வேறுபாடு.

அந்தச் சுமையை எளியவர் தோளில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானியா ஓர் எடுத்துக்காட்டு. வெளிநாட்டுத் துணைவர், தம் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்குள் நுழைவது அன்று என்று மெய்ப்பிக்கவேண்டும் என்ற விதி அங்கே 1980களில் ஓங்கியிருந்து, 1997இல்தான் நீக்கப்பட்டது. இல்லாத ஒன்றை இல்லை என்று எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? நம் இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பங்களே அதில் பெரிதும் அலைக்கழிந்தன. அதற்கும் முன், 1979இல், மணம் முடிக்க வந்த இந்தியப் பெண்மணி ஒருவருக்கு இலண்டன் விமான நிலையத்தில் கன்னிமைச் சோதனை செய்தார்கள். செய்தி வெளியானதும் உலகம் வெட்கியது. ஐயத்துக்கு எல்லை வகுக்காவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கூறவேண்டும். ஆசை வேறு, தீர்மானம் வேறு. கணவனோடே இருந்துவிடவேண்டும் என்ற ஆசை இல்லாத மனைவி உண்டா? ஆனால் ஆசைப்பட்டபடியே, தொண்ணூறாம் நாள் விமானம் ஏறுவது என்ற தீர்மானத்தோடும் அவள் இருக்கலாம். பசித்தவன் எல்லாம் திருடன் அல்லன். படிவம் கேட்பது தீர்மானத்தை; அதற்கு அவள் நேர்மையாக விடை அளிக்கிறாள். அதிகாரி படிப்பதோ அவளுடைய ஆசையை. ஆசையைத் தண்டிக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை. 'சுற்றுலா' என்ற சொல்லை எழுதக் கூசும் மனைவியருக்கும் இதுவே ஆறுதல்: திரும்பும் தீர்மானம் மெய்யாக இருக்கும்போது அச்சொல் பொய்யாகாது. அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. கணவன் வீட்டுக்குப் போகிறவளுக்கு எல்லா நாடுகளும் ஒரு பொருத்தமான சொல்லைத் தயாராக வைத்திருப்பதில்லை.

அரசுகள் ஐயத்தையும் கடந்து செல்வது உண்டு. 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்தினார். 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், குடிபெயர்ந்தோரின் குடும்பம் விரைவில் ஒன்றுசேர்வதை உரிமை என்றே எழுதியது. ஆனால் 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு குடிமகளுக்குத் தன் வெளிநாட்டுக் கணவனை நாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் அடிப்படை உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில், பகல்காம் படுகொலையைத் தொடர்ந்து விசாக்கள் நீக்கப்பட்டபோது, அட்டாரி எல்லையில் பாகிஸ்தான் பாஸ்போர்ட் கொண்ட பிள்ளைகளும் இந்திய பாஸ்போர்ட் கொண்ட தாய்மாரும் பிரிந்து நின்றார்கள். கொலைகாரரைத் தண்டிக்கவேண்டும் என்பதில் யாருக்கு மாற்றுக் கருத்து? அந்தத் தாய்மார் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. சாதாரணக் காலத்திலும், இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவு செய்த மணம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்த பின்னரே ஓ.சி.ஐ. அட்டை கேட்க முடியும். பிறர் கதவைப் பற்றிப் பேசும்போது நம் கதவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

எஸ்ரா நூலின் இறுதியில், வேற்றினப் பெண்களை மணந்தவர்களை விசாரிக்க ஒரு குழு அமர்ந்து மூன்று மாதத்தில் வேலையை முடித்ததாக வருகிறது. கணவர்களின் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கிறது. அனுப்பப்பட்ட மனைவியரில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. ரூத்து என்ற மோவாபியப் பெண்ணின் கதை இதற்கு மறுமொழியாகவே எழுதப்பட்டது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அது எவ்வாறாயினும், ஒரு குழு பெயர் எழுத மறந்த இடத்தில், வேறொரு நூல் ஒரு பெயரையே தலைப்பாக வைத்திருக்கிறது.

பெயர் என்றதும் நம் பங்கு அலுவலகங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் வழிவந்தோருக்குப் பெயர் பெரும்பாலும் நிலையாக இருக்கிறது. மற்றவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரே மகள் பெயராக ஒரு பெயர். 'சவரியம்மாள்' ஓரிடத்தில் 'சேவியரம்மாள்' ஆகிறாள். பிறந்த நாளுக்குப் பதில் ஞானஸ்நானம் பெற்ற நாள் ஏறிவிடுகிறது. தொலைதூரத்தில் அமர்ந்து இத்தாள்களைப் படிப்பவருக்கு இவள் ஒருத்தியா, மூவரா என்ற ஐயம் வருவது இயல்பே. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவருக்கு ஓலை கேட்டு வரும் வீட்டார், திருமண நாள் குறிப்பதற்கு முன்பே இருவரின் பாஸ்போர்ட்டுகளையும் ஞானஸ்நானச் சான்றுகளையும் கொண்டுவந்து ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தகுதிச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு ஆகட்டும்.