ஊருணியைத் தூர்வாருவது யார்?

ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் நம்மிடையே இரார். பிறர்க்குப் பயன்பட வாழ்வானின் செல்வத்திற்கு ஊருணியையும், உள்ளூர்ப் பழமரத்தையும், மருந்து மரத்தையும் வள்ளுவர் உவமை கூறியதை நானும் ஆண்டுதோறும் விளக்கி வந்துள்ளேன். ஊருணி என்றால் அதில் நீர் நிறைந்தே இருக்கும் என்பதுபோல விளக்கினேன். அதனைத் தோண்டியவர் யார், கோடையில் இறங்கித் தூர்வாருபவர் யார் என்று நானும் வினவியதில்லை. என் மாணாக்கரும் வினவியதில்லை. அவ்வினாவை எனக்குக் கற்பித்தது நூலன்று. பேராக் மாநிலத்துக் கடலோரச் சேறு.

தைப்பிங்கிற்கு மேற்கே கோலா செப்பெத்தாங் என்னும் மீனவர் ஊர் உள்ளது. முன்னாளில் போர்ட் வெல்ட் என வழங்கிய ஊர்தான் அது. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்குதான் சென்றது. அதனைச் சூழ்ந்து ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்பில் மாத்தாங் கண்டற்காடு விரிந்து கிடக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அது முறையாகக் காக்கப்பட்டு வருகிறது. காப்பது என்றவுடன் கோடரி படாத காடு என எண்ணிவிட வேண்டா. பாக்காவ் மரம் அங்கே வெட்டப்படுகிறது. செங்கற் சூளைகளில் ஏறத்தாழ ஒரு மாதம் வெந்து கரியாகிறது. ஆனால், ஒரு பகுதியை வெட்டினால், அங்கு மீண்டும் வெட்ட 30 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். இடையே, மரங்கள் 15 வயதை எட்டிய பின் ஒருமுறையும், 20 வயதை எட்டிய பின் மறுமுறையும் நெருக்கத்தைக் குறைப்பர். அதற்குரிய கருவி ஒரு கோல்தான். முதன்முறை 1.2 மீட்டர்க் கோல், அடுத்தமுறை 1.8 மீட்டர்க் கோல். நிறுத்த வேண்டிய மரத்தைச் சுற்றி அக்கோலைச் சுழற்றி, அதன் எல்லைக்குள் நிற்கும் பிற மரங்களை நீக்குவர். எவ்வளவு எளிய அளவுகோல்! நாற்பது வயதில் நாற்று நடுபவன், எழுபது வயதில் அம்மரத்தை வெட்டப் போவதில்லை. யாரோ நட்டதை இவன் வெட்டுகிறான். யாரோ வெட்டுவதற்காக இவன் நடுகிறான்.

இது மரத்தொழிலுக்கு மட்டும் உரிய கணக்கன்று. கண்டலின் வேர்களுக்கிடையேதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. காடு போனால் கரையோர மீனவனின் வலையும் வெறுமையாகும். பினாங்கில் கரையோர மீனவர் தங்கள் நலச் சங்கத்தின் வழியாக 1990களில் தாமே கண்டல் நடத் தொடங்கியமைக்குக் காரணம் இதுவே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் வடகரையைத் தாக்கிய பின்னரே, அவர்கள் செய்து வந்த பணி என்ன என்பதை ஊரார் பலர் திரும்பிப் பார்த்தனர்.

இனி, வினாவிற்கு வருவோம். இன்று உலையில் அரிசி இல்லாதவனிடம், "முப்பது ஆண்டு பொறு" என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? மாதச் சம்பளம் பெறும் என்னைப் போன்றோர்க்கு அவ்வுரிமை எளிதில் வாய்த்துவிடுவதாக எண்ணிக்கொள்கிறோம். மேடையேறி, "இயற்கையைக் காப்பீர்" என முழங்குகிறோம். முழங்கியவர் வீட்டில் அன்றிரவு ஒரு கறி குறைவதில்லை. பிறன் பசியைக் கொண்டு நாம் அறம் செய்ய முடியுமா?

சபா மாநிலத்துக் கடசான் டூசுன் மக்களிடையே 'தாகால்' என்றொரு வழக்கம் உண்டு. தடை என்பது அதன் பொருள். ஊரார் கூடி, ஆற்றின் ஒரு பகுதியில் இன்ன காலம்வரை மீன் பிடித்தல் ஆகாது என உறுதி செய்வர். மீறியவர் 'சோகித்' எனும் தண்டத்தைச் செலுத்துவர். தடை நீங்கும் நாளில் ஊரே ஆற்றில் இறங்கும். கிடைத்த மீன் பங்கிடப்படும். 2003இல் அம்மாநிலச் சட்டமும் இவ்வழக்கத்திற்கு இடமளித்தது. இதில் என் மனத்தைக் கவர்ந்தது மீன் பெருகிய செய்தியன்று. பொறுத்திருக்கச் சொல்பவனும் பொறுத்திருப்பவனும் அங்கே ஒருவனே. தடை விதித்தவன் வீட்டிலும் அந்நாளில் ஆற்று மீன் இல்லை. 'பொறு' என்னும் சொல்லுக்கு அறத்தின் வலிமையைத் தருவது அதுவே என்பது என் துணிபு. வெளியிலிருந்து வருபவர், அறிஞரேயாயினும் அதிகாரியேயாயினும், அச்சொல்லைக் கூறும்போது அது வெறும் கட்டளையாகி விடுகிறது.

இதனை நான் கற்றுக்கொண்ட முறை பெருமைக்குரியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று, ஒரு கரையில் நூறு பாக்காவ் நாற்றுகளை நட்டோம். பதாகை கட்டினோம், வந்த பிரமுகருக்கு மாலை அணிவித்தோம், புகைப்படமும் நன்றாகவே அமைந்தது. ஆறு மாதம் கழித்துச் சென்று பார்த்தபோது, ஒன்றிரண்டு குச்சிகளே நின்றன. அவற்றிலும் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. அருகே வலை பின்னிக்கொண்டிருந்த முதிய மலாய் மீனவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சிக்கு, அந்த இடம் மிகத் தாழ்வானது. அலை நாள்தோறும் நெடுநேரம் மூடும். அங்கே முதலில் அப்பி அப்பி மரந்தான் பிடிக்கும். பாக்காவுக்கு இன்னும் உள்ளே போக வேண்டும்."

"பாக் சிக், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அன்றைக்கு நானும் இங்கேதான் இருந்தேன். யாரும் கேட்கவில்லையே," என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. அதுதான் என்னை வருத்தியது. அக்கரையில் பிறந்து, அதன் நீர்மட்டத்தை மணிப்பொறியின்றி அறிந்தவரை வேடிக்கை பார்ப்பவராக நிறுத்திவிட்டு, அவருடைய நன்மைக்காக நாங்கள் மரம் நட்டோம்! உதவி செய்பவன் மேலே நின்றும், உதவி பெறுபவன் கீழே நின்றும் செய்யப்படும் செயலை ஒப்புரவு என்று எவ்வாறு கூறுவது? அச்சொல்லுக்குள்ளேயே 'ஒப்பு' இருக்கிறதே! ஈகைக்கு வள்ளுவர் வேறோர் அதிகாரம் வகுத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இலக்கண ஆசிரியர்கள் இதனை ஏற்பரா என்பதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

உள்ளூரார் சொல்வதெல்லாம் சரியென்று நான் வாதிடவில்லை. காட்டை அழித்து இறால் குளம் வெட்டியவர்களுள் உள்ளூராரும் உண்டு. பசி சில வேளை கண்ணை மறைக்கும். பேராசையோ எப்போதும் மறைக்கும். இருப்பினும், தவறிய ஊரோடு அமர்ந்து பேச முடியும்; கேட்கப்படாத ஊரோடு பேசுவதற்குத் தொடக்கமே இல்லை.

அடுத்த நடவிற்கு நாளும் இடமும் குறித்தவர் அம்முதியவரே. நீர் வற்றும் நேரத்தைக் கணக்கிட்டு, ஒரு விடுமுறை நாளின் விடியற்காலையைக் கூறினார். பதாகை இல்லை, பிரமுகர் இல்லை. மாணவர் வருவரோ என ஐயுற்றேன். பதினொருவர் வந்தனர். முழங்காலளவு சேற்றில் அவர் முன்னே நடக்க, அவர் கால் வைத்த இடத்திலேயே நாங்களும் கால் வைத்து நடந்தோம்.