திலகவதியார் கையிலிருந்த திருவலகு

வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். 'அவருக்கு இப்ப எப்படி இருக்கு?' என்று விசாரிப்பார்கள். அடுக்களைக்கும் கட்டிலுக்குமாக நடந்து கால் வீங்கிப்போன உங்களிடம், 'நீ சாப்பிட்டியாம்மா?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்?

எங்கள் தெருவில் ஒரு மாமி. கணவர் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து கோயில் பக்கமே போகவில்லை. "அவரைத் தனியா விட்டுட்டு நான் சாமி கும்பிடப் போனா பாவமில்லையா?" என்றார். எனக்குத் திலகவதியார்தான் நினைவுக்கு வந்தார்.

பெற்றோரை இழந்தவர். நிச்சயிக்கப்பட்ட மணாளர் கலிப்பகையாரும் போரில் மாண்டுபோக, உயிரை விடத் துணிந்தவர், தம்பி மருள்நீக்கியாருக்காகவே வாழ்ந்தார். அந்தத் தம்பியோ சமணம் சார்ந்து தருமசேனர் ஆனார். பிறகு சூலைநோய் வந்து வயிற்றைக் குடைந்தது. மடத்தில் இருந்தவர்கள் மந்திரம் ஓதினார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். வலி குறையவில்லை. சமையற்காரனை அக்காவிடம் தூது அனுப்பினார்.

அக்கா அலறியடித்து ஓடியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? 'நான் அங்கே வரமாட்டேன்' என்று சொல்லி அனுப்பினார். கல்நெஞ்சமா? இல்லை. தம்பிக்காக ஈசனிடம் அழுது வேண்டியவரே அவர்தான். ஆனாலும் தன்னால் எது முடியும், எது முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் 'முடியாது' என்ற சொல் வாயில் வருவதில்லை!

இரவோடு இரவாகத் தம்பியே திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தார். 'அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா?' என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. (சர்க்கரை ஏறிய கணவரிடம் நாம் முதலில் கேட்பது அதைத்தானே?) எடுத்து நிறுத்தினார், ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். விடியலில் திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, வழக்கமான திருப்பணிக்குக் கிளம்பும்போதே தம்பியையும் கூட்டிப்போனார். சேக்கிழார் பெருமான் இதை மறக்காமல் பாடியிருக்கிறார். தம்பிக்கு நோய் என்று அந்தத் துடைப்பத்தை அவர் கீழே வைக்கவில்லை. சந்நிதியில் நின்ற தம்பி பதிகம் பாட, சூலை நீங்கியது. நாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தோடுதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். அதுவும் ஒரு அக்காவின் திருப்பணிதான். டாக்டரைப் பார்க்கும்போது, நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மனக்கஷ்டத்தைப் பேசுவதற்கென்றே மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவிக்கு எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

மாமி இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் கோயிலுக்குப் போகிறார். அந்த நேரம் மகன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

பண்ருட்டிக்கு அருகில் இருக்கிறது திருவதிகை வீரட்டானம். அங்கே திலகவதியாரையும் தரிசிக்கலாம். அர்ச்சனைக்கு அவர் பெயரும் நட்சத்திரமும் சொல்வீர்கள் அல்லவா, கூடவே உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கள்.